மூன்றாம் கட்டத்தில் ஒரு மேம்பாலம்

பிப்ரவரி 3

பெறுநர்: முப்பதாண்டுப் போக்குவரத்துத் திட்டப் பிரிவு, தலைநகர்.

பொருள்: எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் மேம்பாலம் கட்டுவதை மறுபடியும் மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளியிருப்பது பற்றிய ஆட்சேபம்.

ஐயா / அம்மா,

இப்படித்தான் எழுத வேண்டும் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. ஆனால் இதைப் பிரிக்கப்போவது நீதான் என்று தெரிந்த பிறகு அதற்குமேல் கை ஓடவில்லை. சின்னவளே, நான் உன் அண்ணி எழுதுகிறேன்.

கிழித்துப் போட்டுவிடாதே. மூன்று வருடமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. போன் பண்ணியிருக்கலாம். போனில் என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பண்ணவில்லை. தபாலை அப்படி வைத்துவிட முடியாது பார்.

போன வாரம் பேருந்து நிலையச் சுவரில் உங்கள் வரைவுத் திட்டத்தை ஒட்டினார்கள். மாநிலம் முழுக்க எந்தச் சாலை எப்போது அகலமாகும், எந்த ஊருக்கு எப்போது ரயில் வரும் என்று ஏழு தாள். நான் டைம் கீப்பர். பஸ் வருவதையும் போவதையும் எழுதுவதுதான் வேலை. இரண்டு பஸ்ஸுக்கு நடுவே ஏழு தாளையும் படித்தேன். நம் ஊர் ஆறாவது தாளில், கீழேயிருந்து நான்காவது வரியில் இருக்கிறது. மூன்றாம் கட்டம். அதாவது இருபது வருடம் கழித்து. போன திட்டத்திலும் அங்கேதான் இருந்தது.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கோபம் இல்லாமல் கேள். எங்கள் கேட்டில் வண்டி எண்ண இரண்டு பேர் வந்தார்களே, மே மாதம் இரண்டு நாள்? அந்த இரண்டு நாளும் பள்ளிக்கூடம் விடுமுறை. காலேஜும் விடுமுறை. கல்யாண வீட்டில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு வந்து தலை எண்ணினால் எத்தனை தேறும்?

என் ஆட்சேபம் அவ்வளவுதான்.

உன் அறை நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. ஜன்னல் கதவு மட்டும் ஊதிப்போய்ச் சாத்த முடியவில்லை.

அண்ணி

*

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

நான்கு தாள் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது. அலுவலகத்தில் தாளை வீணாக்காதே என்று எல்லோரையும் திட்டுகிறவள் நான்தான்.

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பக்கத்து மேஜைக்காரர், "என்னங்க, வீட்ல ஏதாவது?" என்றார். ஆமாம் என்றேன். அப்படிச் சொல்லி எத்தனை நாளாயிற்று!

நீங்கள் கோபம் இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். நானும் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால், நான் வேலையில் சேர்ந்த புதிதில், போன திட்டத்தில் அந்தப் பாலத்தை மூன்றாம் கட்டத்தில் போட்டது என் கைதான். அண்ணனிடம் சொன்னேன். "போடி, பாலம் வர்றதுக்குள்ள எனக்குப் பல்லே இருக்காது" என்று சிரித்தார். அதற்கு நான்கு வருடம் கழித்து ஒரு காலை வேளையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்ஸ் அந்தக் கேட்டில் பதினெட்டு நிமிடம் சரக்கு ரயிலுக்காக நின்றது. ஆஸ்பத்திரி எதிர்ப்பக்கம் இருந்தது.

அன்று கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது நீங்கள் சொன்னீர்கள்: "நீ தள்ளிப்போட்ட பாலம்தான்டி உங்க அண்ணனையும் தள்ளிப்போட்டுச்சு."

அதை இங்கே எழுதியது உங்களைக் குத்துவதற்காக அல்ல. என்னுள் அது தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். என் மேஜைக்கு எதிரே மாநில வரைபடம் சுவர் முழுக்க மாட்டியிருக்கிறது. கூட்டங்களில் அதைக் காட்டிப் பேசும்போது நம் ஊர் இருக்கும் இடத்தை என் உள்ளங்கை தானாகவே மறைத்துக்கொள்ளும்.

இப்போது வேலை விஷயம். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று விதமாக மதிப்பெண் போடுகிறோம். இன்று எத்தனை வண்டி போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, முப்பது வருடம் கழித்து அங்கே எத்தனை பேர் இருப்பார்கள். நம் ஊர் மூன்றாவதில்தான் அடிவாங்குகிறது. படித்தவர்கள் வெளியூர் போகிறார்கள். இன்றைக்கு இருப்பதைவிட ஆறாயிரம் பேர் குறைவார்கள் என்கிறது கணிப்பு. வளருகிற ஊருக்கு முதலில், தேய்கிற ஊருக்குக் கடைசியில். எழுதும்போதே எனக்குக் கூசுகிறது, ஆனால் விதி அதுதான்.

சொந்த ஊர் என்பதற்காகத் தராசில் நான் விரலை வைத்து அழுத்த மாட்டேன், அண்ணி. ஆனால் விடுமுறையில் எண்ணியது தப்பு. அதைத் திருத்தியே ஆக வேண்டும். உங்களிடம் பஸ் நேரக் குறிப்பு இருக்குமே, எந்தெந்த வண்டி கேட்டில் எவ்வளவு நேரம் நின்றது என்று? அனுப்ப முடியுமா?

அந்த ஜன்னலை அடியில் லேசாக இழைக்கச் சொன்னால் போதும்.

உங்கள் சின்னவள்

*

பிப்ரவரி 27

சின்னவளுக்கு,

பார்சலில் ஐந்து நோட்டு இருக்கிறது. இரண்டு வருடக் கணக்கு. ஆபீஸ் பதிவேட்டை அனுப்ப எனக்கு உரிமை இல்லை, அதனால் இது நானாக எழுதிவைத்தது. ஏன் எழுதினேன் என்று கேட்காதே. முதல் வருடம் அந்தக் கேட்டைப் பார்க்கவே பிடிக்காது. இரண்டாவது வருடம் அதைத் தவிர வேறு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. கேட் மூடும்போது ஒரு கோடு, திறக்கும்போது ஒரு கோடு. கோடு போட்டுக்கொண்டிருந்தால் அழுகை வரவில்லை.

ஒரு நாளைக்குச் சராசரி முப்பத்தொரு தடவை மூடுகிறார்கள். பொறுமை இல்லாமல் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கம்பிக்கு அடியில் குனிந்து போகிறவர்களையும் எண்ணியிருக்கிறேன். உங்கள் ஆட்கள் வண்டியை மட்டும்தானே எண்ணினார்கள்? குனிந்து போகிறவன் உங்கள் கணக்கில் வண்டியும் இல்லை, மனுஷனும் இல்லை.

நேரமெல்லாம் நொடி சுத்தமாக இருக்கும். அதற்குக் காரணம் நான் இல்லை, கேட்டுக்காரர். கேட்டுக்கு எதிரே, பேருந்து நிலையத்தில் எங்கள் ஷெட்டில் இருக்கிற கடிகாரம் ஒரு நோஞ்சான். தினம் பத்து நிமிடம் பின்வாங்கும். பஸ் டிரைவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். ஒருநாள் அவர் தண்டவாளத்தைத் தாண்டி வந்து, ஷெட் வாசலிலேயே நின்று, "மணி இப்ப ஏழு பன்னெண்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாளும் வந்தார். ரயில்வே நேரம் தப்பாதாம். ஒரு வருடம் அதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றைக்குக் கேட்டை மூடி வைத்திருந்ததும் அவர்தான். உனக்குத் தெரியுமோ என்னவோ.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒருநாள் நான் உன் திட்டத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தபோது வந்தார். அன்று மணி சொல்லவில்லை. "அன்னிக்கு நான் தொறந்திருக்கணும்மா. சிக்னல் குடுத்தாச்சு, தொறக்க முடியாது. ஆனா தொறந்திருக்கணும்" என்றார். மூன்று வருடமாக அவருக்கு ராத்திரித் தூக்கம் சரியில்லையாம்.

சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, உன் அண்ணி வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரிதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன்.

நோட்டைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு.

அண்ணி

*

மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நோட்டுகளை என் மேலதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு, "இதை எழுதினவங்க என் அண்ணி. அந்தக் கேட்டுல செத்துப்போனவர் என் அண்ணன். அது என் சொந்த ஊர். இனிமே இந்த ஊர்க் கோப்பை நான் தொடக்கூடாது" என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஏழு வருஷமா இதை ஏம்மா சொல்லலை?" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் திட்டினார். வாங்கிக்கொண்டேன். ஊர் பெயரைக்கூட நான் யாரிடமும் சொன்னதில்லை, அண்ணி.

கோப்பு இப்போது இன்னொருவரிடம் இருக்கிறது. அவருக்கு நாங்கள் வைத்த பெயரே தராசு. சொந்தத் தம்பி ஊர்ச் சாலையையே பட்டியலிலிருந்து தூக்கிய ஆள். உங்கள் நோட்டை இரண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "இந்த அம்மா எங்க வேலை பாக்குறாங்க? நம்ம ஆபீசுக்கு வருவாங்களா?" என்றார். அவர் வாயிலிருந்து அது பாரத ரத்னாவுக்குச் சமம்.

பள்ளிக்கூடம் நடக்கும் வாரத்தில் மறுபடி எண்ணினார்கள். மே மாதக் கணக்கில் ஒரு நாளைக்கு ஐயாயிரத்து இருநூறு வண்டி. இப்போது எட்டாயிரத்து எழுநூறு. குனிந்து போகிறவர்கள் தனி.

இன்னொன்றையும் தராசு கண்டுபிடித்தார். ஆறாயிரம் பேர் குறைவார்கள் என்பது சரி. ஆனால் மீதி இருக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் தடவைகள் இரண்டு மடங்காகும். ஊர் தேயத் தேய அந்தக் கேட்டைத் தாண்ட வேண்டிய அவசரம் வளரும். இத்தனை வருடம் நாங்கள் தலையை எண்ணினோம், வயதை எண்ணவில்லை.

ஏப்ரல் 6ஆம் தேதி பகல் பதினொரு மணிக்கு உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். குழுவில் நானும் வர வேண்டும், மேடையில் இல்லாமல் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுக்க. நீங்கள் வராதே என்றால் வேறு யாரையாவது அனுப்பச் சொல்கிறேன்.

வரட்டுமா, அண்ணி?

சின்னவள்

*

மார்ச் 24

சின்னவளே,

வா. ஆனால் வருவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வா. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

உன் அண்ணன் கேட்டில் சாகவில்லை.

ஆம்புலன்ஸ் தண்ணீர்த் தொட்டி முக்கில் திரும்பும்போது என் கையைப் பிடித்திருந்தவர், திரும்பி முடிக்கும்போது பிடிக்கவில்லை. கூட வந்த பையன் என்னென்னவோ செய்தான். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, முடிஞ்சிருச்சுக்கா" என்றான். கேட் அதற்கும் ஐந்து நிமிட தூரத்தில் இருந்தது. அப்போது அது மூடவே இல்லை.

பதினெட்டு நிமிடம் அந்தக் கேட்டில் நின்றோமே, அப்போது அவர் போய்விட்டிருந்தார். நான் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த நேரத்தைத்தான் சீட்டில் எழுதினார்கள். எல்லோரும் கேட், கேட் என்றார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏன் என்று எனக்கு நானே பல தடவை கேட்டிருக்கிறேன். முந்தின நாளே அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ஒரு மாதிரி இருக்குடி" என்றார். நான், "நேரத்துக்குச் சாப்பிட்டா எல்லாம் சரியாகும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். கேட்டைச் சொல்லவில்லை என்றால் அதைச் சொல்ல வேண்டியிருக்கும். என்னைச் சொல்ல வேண்டியிருக்கும். பாரத்தை இறக்கிவைக்க எனக்கு ஒரு தோள் தேவைப்பட்டது. எதிரே நீ நின்றாய்.

அப்போது உனக்கு முப்பது வயது. அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு நின்ற பெண் தலையில் தெரிந்தே அதை ஏற்றினேன்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. தெரிந்துகொள் என்று மட்டும் எழுதுகிறேன்.

அண்ணி

*

மார்ச் 30

அண்ணி,

மூன்று வருடம்.

பிறந்தநாளுக்குப் புதுத் துணி எடுக்கவில்லை. யாராவது ஆம்புலன்ஸுக்கு வழிவிட ஒதுங்கினால் நான் தெருவிலேயே நின்றுவிடுவேன். ஒரு வரன் வந்தது, நல்ல மனிதர். என் கையால் ஒரு குடும்பம் கெட்டது போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது கோபத்தில் காது அடைத்துவிட்டது. இரண்டாம் தடவை படிக்கும்போது பொத்தான் போட்டுவிட்டதில் வந்து நின்றுவிட்டேன். அதற்குமேல் போக முடியவில்லை.

கூட்டத்துக்கு வருவேன். அது வேலை. வீட்டுக்கு வருவேனா என்று எனக்கே தெரியாது.

அந்தக் கேட்டுக்காரரிடம் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். எனக்காவது வேறு ஊர் இருந்தது. அவர் தினமும் அதே கம்பியைத்தான் இறக்கியாக வேண்டும்.

*

ஏப்ரல் 19

சின்னவளுக்கு,

நீ போய்ப் பத்து நாளுக்கு மேலாகிறது. உன் கைக்குட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்து நீ வாசலில் வந்து நின்றபோது, திட்டப்போகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நீ செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உன் அறைக்குப் போய், கட்டிலில் படுத்து, சாயங்காலம் வரை தூங்கினாய். நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்து, "ஜன்னல் இப்ப நல்லா சாத்துது அண்ணி" என்றாய். ஒரு வார்த்தைகூட அந்த விஷயம் பேசவில்லை. உன் அண்ணனும் அப்படித்தான், பெரிய கோபத்தைத் தூங்கித் தீர்த்துவிடுவார்.

கூட்டத்தில் கேட்டுக்காரர் பேசியதைக் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாய். முகத்தைப் பார்த்தாயோ இல்லையோ. தராசு ஐயா, "பாலம் வந்தா உங்க வேலை போயிடுமே?" என்று கேட்டார். அதற்கு அவர், "போகட்டுங்க. ஒரு மனுஷன் தெனம் முப்பது தடவை ஊரை ரெண்டா வெட்டி ரெண்டா வெட்டி ஒட்டவைக்கிறான். அது ஒரு வேலையா?" என்றார். மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

நீ எழுதியபடி கூட்டத்துக்கு முன்னாலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். அறைக்குள் போய்விட்டார். ஒன்பது நாள் மணி சொல்ல வரவில்லை. என் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் போய்விட்டது, டிரைவர்கள் படுத்தாத பாடு இல்லை. அவருக்கு நான் செய்ததற்கு அது போதாது என்றுதான் இருந்தேன்.

பத்தாம் நாள் வந்தார். "மணி ஆறு அம்பத்தெட்டு" என்றார். போகவில்லை, நின்றார். "இந்த ஒம்போது நாளும் நல்லா தூங்கினேன்மா. முதல்ல தூங்கிட்டு அப்புறம் கோபப்படலாம்னு இருந்தேன். எழுந்து பாத்தா கோபத்தைக் காணோம்" என்றார்.

உன்னிடம் மறைக்க எனக்கு இனி ஒன்றும் வேண்டாம். முந்தாநாள் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு நாற்பத்து நான்கு வயது. தங்கைகளைக் கரையேற்றுவதில் அவர் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் மூன்றாம் கட்டத்திலேயே நின்றுவிட்டதாம். அவரே அப்படித்தான் சொன்னார், உங்கள் திட்டத்தை அவரும் படித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்ததும் பயம் வந்துவிட்டது.

பதில் சொல்லவில்லை. ஊர் என்ன பேசும் என்று எனக்குக் கவலை இல்லை, ஊர் வாய்க்குக் கேட் கிடையாது. உனக்காகத்தான் நிற்கிறேன். நான் இன்னொரு வீட்டுக்காரியாகிவிட்டால் உனக்கு நான் யார்? உன் அண்ணன் வழியாகத்தானே நீ எனக்குக் கிடைத்தாய். அந்த வழியை நானே அடைத்துக்கொள்வதா?

வேண்டாம் என்று நீ எழுதினால் வேண்டாம்தான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

அண்ணி

*

மே 23

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லையே என்று தவித்துப்போயிருப்பீர்கள். கோபம் இல்லை. திட்டம் கையெழுத்தாகும்வரை உங்கள் ஊருக்கு ஒரு வரிகூட எழுதக்கூடாது என்று கூட்டம் முடிந்த பிறகு மேலதிகாரி சொல்லிவிட்டார். இன்று மதியம் கையெழுத்தானது. சாயங்காலத் தபாலில் இதைப் போடுகிறேன்.

பாலம் முதல் கட்டத்துக்கு வரவில்லை. மூன்று மதிப்பெண் குறைந்துவிட்டது. வேறு நான்கு கேட்டுகள் நம் ஊரைவிட மோசமாக இருக்கின்றன, அங்கேயும் யார் வீட்டு அண்ணன்களோ நிற்கிறார்கள். தராசிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மூன்றாம் கட்டத்திலிருந்து இரண்டுக்கு ஏறிவிட்டது, இன்றிலிருந்து ஒன்பதாம் வருடம் வேலை தொடங்கும். அதுவரைக்கும் பேருந்து நிலையப் பக்கம் ஓர் ஆம்புலன்ஸும், முதலுதவிக்கு ஒரு நர்சும் நிரந்தரமாக இருப்பார்கள். அடுத்த மாதமே வந்துவிடும். இனிமேல் மாநிலத்தில் எங்கே வண்டி எண்ணினாலும் பள்ளிக்கூடம் நடக்கும் நாளில்தான் எண்ண வேண்டும் என்றும், இருக்கப்போகிறவர்களின் வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும் விதியில் சேர்த்தாயிற்று. அந்த இரண்டு வரியும் உங்களுடையவை. பெயர்தான் போட மாட்டார்கள்.

அண்ணி, அன்றைக்கு உங்கள் வீட்டில் நான் அவ்வளவு நேரம் தூங்கவில்லை. பாதி நேரம் விழித்துத்தான் கிடந்தேன். கதவுக்கு வெளியே நீங்கள் உட்கார்ந்திருந்தது நாற்காலி முனகலில் தெரிந்தது. உள்ளே வரவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. எழுந்து வந்து உங்களைத் திட்ட வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஆம்புலன்ஸில் தனியாக உட்கார்ந்து பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண் குறுக்கே வந்துவிடுவாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. "ஒரு மாதிரி இருக்குடி" என்று அண்ணன் எனக்கும் போனில் சொன்னார், அதே வாரம். நான் டீ குடிப்பதைக் குறைக்கச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இனி நாம் இரண்டு பேரும் அதைப் பாதிப் பாதியாகத் தூக்குவோம்.

அந்த வரனின் அக்கா நேற்று மறுபடி போன் செய்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கல்யாணத் தேதியை நானே குறிக்கிறேன், அது என் உரிமை. சனிக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். முகம் பார்க்காமல் குறிப்பெடுத்தது போதும், இந்த முறை அவரை நேராகப் பார்த்துப் பேச வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். அவரை என்னவென்று கூப்பிடுவது? அண்ணா என்று என்னால் கூப்பிட முடியாது. அந்தச் சொல்லில் ஒருவர் குடியிருக்கிறார், அவரைக் கிளப்ப மாட்டேன். உங்களை அண்ணி என்று கூப்பிடுவதையும் விட மாட்டேன். இரண்டு நாள் யோசித்து முடிவுக்கு வந்துவிட்டேன். அவரை மாமா என்று கூப்பிடப் போகிறேன். அதெப்படி, அண்ணி வீட்டுக்காரர் மாமாவாவார் என்று யாராவது மூக்கில் விரலை வைத்தால், எங்கள் வீட்டில் அண்ணி அக்காவாகி ரொம்ப நாளாயிற்று என்று சொல்லுங்கள்.

சின்னவள்